காகிதத்தை முன்வைத்து வரைதல்

ஸ்ரீரங்கத்தில் டி. கே. பாலசுப்பிரமணிய ஐயர் நிறுவிய ஸ்ரீ வாணி விலாஸ் அச்சுக்கூடம், காலடியில் ஆதிசங்கரருக்குக் கோயில் எழுப்பிக் கும்பாபிஷேகம் நடந்த 1910-ஆம் ஆண்டை ஒட்டி அவருடைய நூல்களை 20 தொகுதிகளாக அச்சிட்டு வெளியிட்ட காலத்தில், அச்சுத் தொழில் பல கைகளில் பகிர்ந்து கிடந்தது. எழுத்துக் கோப்பவர் ஒருவர், படத்துக்குப் பிளாக் செய்பவர் ஒருவர், பொறியை ஓட்டுபவர் ஒருவர். சித்திரக்காரர் தம் படத்தைத் தாளில் வரைந்து கொடுத்துவிட்டால் அவர் கடமை தீர்ந்தது; அதைப் புகைப்படமெடுத்து, கோடிட்ட கண்ணாடித் திரையின் வழியே புள்ளிகளாகப் பிரித்து, உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்து, எந்த இடத்தில் நிழல் அடைத்துக்கொள்ளும், எந்த இடத்தில் வெளிச்சம் வெளுத்துப்போகும் என்பதைத் தம் அனுபவத்தால் முன்னரே அறிந்து திருத்தியவர் பிளாக் செய்பவரே. இன்று அந்த ஸ்தானத்தில் ஒருவரும் இல்லை. அவர் செய்துவந்த வேலை முழுவதும், பெரும்பாலோர் உணராமலேயே, சித்திரக்காரரின் மேஜைக்கு வந்து சேர்ந்துவிட்டது. டாப்லெட்டில் அழகாகத் தீட்டத் தெரிந்த இளைஞர்கள் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இப்போது ஏராளமாக இருக்கிறார்கள். ஆனால் தீட்டிய கோப்பை அச்சகத்தார் சந்தேகமின்றி எடுத்து ஓட்டும்படி ஆயத்தம் செய்யத் தெரிந்தவர்கள் சிலரே. இந்த அத்தியாயம் அந்த ஆயத்தத்தைப் பற்றியது.

என் அபிப்பிராயத்தில் இதற்கு மூலாதாரமான விதி ஒன்றுதான்: எந்தக் காகிதத்தில், எந்த முறையில், எந்த அளவில் படம் அச்சாகப்போகிறது என்பதை, முதற்கோடு இழுக்குமுன்பே நிச்சயித்துக்கொள்ள வேண்டும். வரைந்து முடித்தபின் அச்சைப் பற்றி நினைப்பவருக்கு நேரும் சங்கடங்களில் பெரும்பகுதி, இந்த நிச்சயம் தாமதப்பட்டதால் விளைவதே.

விளக்கத்தின்பொருட்டு ஒரே சித்திரத்தை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை அதையே பின்தொடர்வோம். 13 நிலைகளும் 236 அடி உயரமும் உடையதாய் 1987-இல் நிறைவேறிய ஸ்ரீரங்கம் கோயில் ராஜகோபுரம் பின்னணியில் விளங்க, உற்சவரான நம்பெருமாள் ரத்தினாங்கி அணிந்து பரமபத வாசலைக் கடந்து எழுந்தருளும் வைகுண்ட ஏகாதசிக் காட்சியை, 12 அங்குல அகலமும் 18 அங்குல உயரமும் உள்ள சுவர்க் காலண்டருக்காக ஒருவர் தீட்டுகிறார் என்று கொள்வோம். ராஜகோபுரம் கோயிலின் தெற்கிலும் பரமபத வாசல் வடக்கிலும் இருப்பினும், இரண்டையும் ஒரே படத்தில் சேர்த்துக் காண்பது சித்திரக்காரருக்கு உரிய சுதந்திரம். காலத்தைப் பற்றி மட்டும் இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆடிப் பதினெட்டன்று, அம்மா மண்டபப் படித்துறையில் காவிரிக்குப் பூஜை நடக்கும் அதே நாளில், சிவகாசி அச்சகத்தார் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிடுவது வழக்கம். ஆகவே ஆல்பத்தில் இடம்பெற வேண்டிய மார்கழிக் காட்சியைச் சித்திரையிலேயே வரைந்து முடித்திருத்தல் அவசியம்.

காகிதமும் புள்ளியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிச் சித்திரக்காரர்கள் அபிரகத் தகடுகளின்மேல் தொழிலாளரையும் ஊர்வலங்களையும் சிறு சிறு படங்களாக எழுதி, தொகுதி தொகுதியாக வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். நீரை உறிஞ்சாத வழுவழுப்பான அந்தத் தளத்தில் மெல்லிய நீர்வர்ணம் நில்லாது ஆதலின், ஒளிபுகாத கனத்த வர்ணத்தையே அவர்கள் குழைத்துக்கொண்டார்கள். தளத்தின் ஸ்வபாவத்தை அறிந்து வர்ணத்தைத் தேர்ந்த அந்த விவேகமே இன்று நமக்கும் வேண்டியது. தளத்தின் பெயர்கள்தாம் ஆர்ட் பேப்பர் என்றும் மேப்லித்தோ என்றும் அட்டை என்றும் மாறியிருக்கின்றன.

ஆர்ட் பேப்பர் மேற்பூச்சு உடையது. மை அதன்மேலேயே தங்கிப் பளபளக்கும். மேப்லித்தோ பூச்சற்றது, மையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுத்துக்கொள்ளும்போது புள்ளி பரந்துவிடுகிறது. ஆப்செட் அச்சில் ஒவ்வொரு வர்ணமும் நுண்ணிய புள்ளிகளாகவே தாளில் விழுகிறது என்பதையும், கோப்பில் 50 சதவிகிதமாக இருக்கும் ஒரு சாயல் பூச்சுள்ள தாளிலேயே ஏறக்குறைய 65 சதவிகிதத்தின் கருமையோடு காணப்படும் என்பதையும், மேப்லித்தோவில் இந்தப் பரவல் இன்னும் அதிகம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டால், திரையில் பளிச்சென்று இருந்த படம் தாளில் ஏன் மங்கிக் கறுத்து வந்தது என்ற புதிர் தானே விடுபடும். நம் காலண்டருக்கு 130 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பர் என்று வைத்துக்கொள்வோம். இதே சித்திரம் பின்னர் ஒரு புஸ்தகத்தின் உட்பக்கத்தில் 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோவில் வரவேண்டுமானால், நடுச்சாயல்களை வெளிறச் செய்த வேறொரு பிரதியை அதற்கென்று தயாரிக்க வேண்டும். ஒரே கோப்பு இரண்டுக்கும் உதவாது. அட்டை தேவைப்படுவோருக்கு ஒரு செய்தி: கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூரை அடுத்த காகிதபுரத்தில் உள்ள தன் பழைய ஆலையோடு, மணப்பாறையை அடுத்த மொண்டிப்பட்டியில் 2016 முதல் பூச்சிட்ட அட்டையையும் உற்பத்தி செய்துவருகிறது. திருச்சி மாவட்டத்திலேயே அட்டை தயாராகிறது என்பது பலருக்குத் தெரியாது. அச்சகத்தாரிடம் மாதிரித் தாள்களைக் கேட்டு வாங்கி, அவற்றை மேஜைமேல் வைத்துக்கொண்டு வரைவது மிகுந்த பிரயோஜனம் தரும். ஒரு தாளின் வெண்மை மற்றொன்றின் வெண்மை அன்று என்பது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலன்றித் தோன்றாது.

அளவும் ஓரமும்

பூச்சுள்ள தாளில் அங்குலத்துக்கு 150 வரி வீதமும், மேப்லித்தோவில் 133 வரி வீதமும் புள்ளிகளை அமைப்பது பொதுவான வழக்கம். இந்த வரி எண்ணிக்கையைப்போல் இருமடங்கு பிக்ஸல் கோப்பில் இருந்தால் போதும் என்பது கணக்கு. அங்குலத்துக்கு 300 பிக்ஸல் என்ற எண் அதிலிருந்து வந்ததே. நம் காலண்டருக்கு 12 அங்குலம் 3600 பிக்ஸலும், 18 அங்குலம் 5400 பிக்ஸலும் ஆகும். வெட்டும் கத்திக்காக நாற்புறமும் 3 மில்லிமீட்டர் அதிகப்படியாக வரைந்து நீட்டும் பகுதியை, பிளீட் என்று தொழிலில் சொல்வதை, சேர்த்துக் கணக்கிட்டால் 3671-க்கு 5471 என்றாகிறது. புதிய கோப்பைத் திறக்கும்போதே இந்த அளவைக் கொடுத்துவிட வேண்டும். சிறியதாக வரைந்து பின்னர் பெரிதாக்கினால் எண்ணிக்கை கூடுமேயன்றி விவரம் கூடாது. கோபுரத்துச் சுதைகளின் முகங்கள் பஞ்சுபோல் மங்கிவிடும். கருப்புக் கோட்டுச் சித்திரமாயின் 300 போதாது; கோட்டின் விளிம்பு சுத்தமாக வர 1200 வேண்டும், அல்லது இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா போன்றவற்றில் வெக்டராகவே வரைந்துவிட வேண்டும். ஃபிளெக்ஸ் பேனருக்கு இதற்கு நேர்மாறு: தூரத்தில் நின்று பார்ப்பது ஆதலால், 10 அடிக்கு 8 அடிப் பேனருக்கு அங்குலத்துக்கு 72 பிக்ஸல் என்ற கணக்கில் 8640-க்கு 6912 இருந்தாலே நிறைவு.

ஓரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் விஸ்தரிக்க வேண்டும். ஏனெனில் நம் நாட்டுச் சித்திரங்களுக்குக் கரை கட்டுவதில் தனிப் பிரியம் உண்டு. கோலக் கரையோ, மாவிலைத் தோரணமோ, கோயில் தூண்வரிசையோ படத்தைச் சுற்றி ஓடினால்தான் நமக்குப் படம் நிறைந்ததாகத் தோன்றுகிறது. ஆனால் நூற்றுக்கணக்கான தாள்களை ஒன்றாக அடுக்கிக் கத்தி இறங்கும்போது, மேல்தாளுக்கும் அடித்தாளுக்கும் ஒரு மில்லிமீட்டர் அளவு வித்தியாசம் நேர்வது இயல்பு. கரை விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டரில் அமைந்திருந்தால், ஒரு பக்கம் 2, மறுபக்கம் 4 என்று ஆகி, கோணலாக வெட்டப்பட்டதாகவே கண்ணுக்குத் தோன்றும். கரையை 10 மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் அதே ஒரு மில்லிமீட்டர் பிழை எவர் கண்ணுக்கும் புலப்படாது. அவ்வளவு உள்ளே தள்ள மனம் ஒப்பாவிட்டால், கரையே வேண்டாம் என்று விட்டு, வர்ணத்தைப் பிளீட் வரை ஓடவிடுவது மேல்.

காலண்டருக்கே பிரத்தியேகமான வேறொரு ஜாக்கிரதையும் உண்டு. மேல்விளிம்பில் தகரப் பட்டை ஏறும். அது ஏறக்குறைய அரை அங்குலத்தை விழுங்கிவிடும். ராஜகோபுரத்தின் கலசங்களைத் தாளின் உச்சிவரை கொண்டுபோய் நிறுத்திய சித்திரக்காரர், அச்சாகி வந்த காலண்டரில் கலசமில்லாத கோபுரத்தைக் காண்பார். கீழே தேதித்தாள் கட்டு ஒட்டப்படும் இடமும், கடைக்காரர் தம் பெயரையும் விலாசத்தையும் அச்சிட்டுக்கொள்ளும் இடமும் எவ்வளவு என்பதை முன்னரே எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கி, அந்தப் பகுதிகளை ஒரு தனி லேயரில் மங்கிய வர்ணத்தில் அடைத்து வைத்துக்கொண்டு, பெருமாளின் திருவடிகள் அவற்றுக்கு மேலே நிற்கும்படி காட்சியை அமைக்க வேண்டும். கடைப்பெயர் விழும் இடத்தில் வர்ணம் ஒரே சீராகவும் வெளிறியும் இருக்கட்டும்; பின்னர் உள்ளூர் அச்சகத்தில் ஒற்றை வர்ணத்தில் அதன்மேல் எழுத்து ஏறும்போது படிக்கத் தக்கதாக இருக்க வேண்டுமல்லவா?

வர்ணம்

சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் கலப்பால் திரை வர்ணத்தை உண்டாக்குகிறது. காகிதமோ தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை மை விழுங்கிவிட, எஞ்சியதைத் திருப்பி அனுப்புகிறது. மூன்று மைகளைக் கொண்டே எல்லா வர்ணத்தையும் எழுப்பலாம் என்று பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேக்கப் கிறிஸ்தோஃப் லெ பிளான் ஐரோப்பாவில் செய்துகாட்டினார்; நம் நாட்டில் 1894-இல் ரவிவர்மா தொடங்கிய அச்சுக்கூடத்தில் வர்ணத்துக்கு ஒரு கல் வீதம் பல கற்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றித் தெய்வப் படங்களை எடுத்தார்கள். இன்றைய ஆப்செட்டில் சியான், மெஜந்தா, யெல்லோ, பிளாக் என்ற நான்கு பிளேட்டுகள். அந்தக் கற்சாயங்களிற் பல இந்த நான்கிலிருந்து பிறக்கமாட்டா. திரையின் ஒளிகளிற் பலவும் அப்படியே. ஆண்டாளின் கிளிக்குத் திரையில் தரும் அந்தப் பளிச்சிடும் பச்சையும், பரிவட்டத்தின் அருகே எரியும் தீவட்டியின் ஆரஞ்சும், இரவின் ஆழ்ந்த நீலமும் தாளுக்கு வரும்போது ஒரு படி இறங்கியே வரும். இது எந்த அச்சகத்தின் குற்றமும் அன்று; மையின் ஸ்வபாவம்.

ஆதலின் வரையும்போதே மையின் எல்லைக்குள் வர்ணத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். போட்டோஷாப்பில் அச்சுத் தோற்றத்தை முன்கூட்டிக் காட்டும் வசதி உண்டு. அதை அச்சகத்தார் சொல்லும் புரொஃபைலில் அமைத்துக்கொண்டு அடிக்கடி போட்டுப் பார்த்தபடி வரைக. அச்சகத்தார் எதையும் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால், பூச்சுள்ள தாளுக்கு ஃபோக்ரா 39 என்பதை வைத்துக்கொள்ளலாம். மூலக் கோப்பை ஆர்.ஜி.பி.யிலேயே லேயர்களோடு பத்திரப்படுத்திக்கொண்டு, கடைசியில் ஒரு பிரதியைத்தான் சி.எம்.ஒய்.கே.யாக மாற்றுதல் உத்தமம். ஏனெனில் மாற்றிய கோப்பிலிருந்து இழந்த வர்ணத்தைத் திரும்பப் பெற இயலாது. நாளைக்கு வேறு காகிதம் வந்தால் மூலத்திலிருந்துதான் புதிதாக மாற்ற வேண்டியிருக்கும்.

நம் சித்திரத்தின் வர்ணங்களை இனி ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

பரமபத வாசல் திறப்பது விடியுமுன். ஆகவே வானம் கருநீலம். சியான் 100, மெஜந்தா 100 என்று போட்டால் நீலம் வராது, கத்திரிப்பூ வர்ணமே வரும். மெஜந்தா எப்போதும் சியானுக்கு 30 பங்காவது குறைந்து நிற்க வேண்டும். அடர்த்திக்காக நான்கு மைகளையும் தாராளமாக ஏற்றினால் வேறொரு தீங்கு விளைகிறது. நான்கும் முழுமையாக விழுந்தால் மொத்தம் 400. அவ்வளவு மையை எந்தத் தாளும் தாங்காது, காயாது, அடுக்கின் மேல்தாள் தன் முதுகில் அடித்தாளின் மையை ஒற்றிக்கொள்ளும். பூச்சுள்ள தாளில் மொத்தம் 300-க்கு மேற்படாமலும், மேப்லித்தோவில் அதனினும் குறைவாகவும் அமைப்பது க்ஷேமம். விரிந்த கருமைக்குக் கருப்பு 100-உடன் சியான் 60, மெஜந்தா 40, யெல்லோ 40 சேர்த்தால் மொத்தம் 240-இல் ஆழ்ந்த இருள் கிட்டும். வெறும் கருப்பை மட்டும் பெரிய பரப்பில் ஓட்டினால் அது சாம்பல் பூத்ததுபோல் வரும்.

தங்கம் எல்லாவற்றிலும் கடினம். நம்பெருமாளின் கிரீடமும் ஆபரணங்களும் திரையில் ஜொலிப்பது திரையின் ஒளியால். நான்கு மைகளில் உலோக ஒளி கிடையாது. ஏறக்குறைய சியான் 15, மெஜந்தா 35, யெல்லோ 90 என்பதை நடுச்சாயலாகக் கொண்டு, நிழலில் செம்பழுப்பும், ஒளி விழும் முனைகளில் தாளின் வெண்மையும் நெருக்கமாக அமையும்படி தீட்டினால், கண் அதைத் தங்கம் என்று ஏற்றுக்கொள்ளும். ஒரே மஞ்சளைச் சமமாகப் பரப்பினால் மஞ்சளாகவே நிற்கும். மெய்யான உலோகப் பிரகாசம் வேண்டுவோர் ஐந்தாவது பிளேட்டாகத் தங்க மையை ஓட்டலாம். அல்லது கல்யாணப் பத்திரிகைகளில் செய்வதுபோல் ஃபாயில் ஒற்றலாம். இரண்டுக்கும் தங்கம் விழவேண்டிய இடத்தை மட்டும் தனிக் கோப்பில், வெக்டராக, 100 சதவிகிதக் கருப்பில் கொடுக்க வேண்டும். சாயல் கூடாது, மயிரிழைக் கோடுகள் கூடாது. இதில் என் ருசியைச் சொல்வதானால், ஆபரணம் முழுவதையும் ஃபாயிலால் மூடுவதைவிட, கிரீடத்தின் விளிம்புக்கும் பதக்கத்துக்கும் மட்டும் அதைக் கொடுத்து, மற்றவற்றைத் தூரிகையின் திறமைக்கு விட்டுவிடுவதே அழகு.

முத்துக்கும் வெள்ளைத் துகிலுக்கும் நேர்மாறான அபாயம் உண்டு. 3 சதவிகிதத்துக்குக் குறைந்த புள்ளி அச்சில் நில்லாமல் உதிர்ந்துவிடக்கூடும். ஆகவே முத்தின் உருண்டையைக் காட்டும் மெல்லிய நிழல் அதற்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கிழக்கேயுள்ள வெள்ளைக் கோபுரத்தை வரைய விரும்புவோருக்கும் இதுவே யுக்தி: வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோபுரம் எழுவது அதன் நிழல்களாலும் பின்னாலுள்ள வானத்தின் வர்ணத்தாலுமே. அந்த நிழலின் சாம்பலில் மூன்று மைகளையும் சமமாக வைத்தால் செம்மை தட்டும். சியான் 50 என்றால் மெஜந்தாவும் யெல்லோவும் 40 அளவில் நிற்கும்போதுதான் நடுநிலையான சாம்பல் கிட்டுகிறது.

இனி ஒரு சூக்ஷ்மம். திருமண்காப்பின் நடுவில் இறங்கும் சிவந்த கோடு மெஜந்தாவும் யெல்லோவும் கலந்து பிறப்பது. பிளேட்டுகள் இரண்டும் இம்மி பிசகினாலும், ரெஜிஸ்டர் தப்பியது என்று மெஷின்காரர்கள் சொல்வார்கள், கோட்டின் ஒரு புறம் ரோஜா வர்ணமும் மறுபுறம் மஞ்சளும் எட்டிப் பார்க்கும். இருபுறமும் வெண்மை இருப்பதால் பிழை மறைய வழியே இல்லை. இரண்டு மைகள் கலந்த எந்தக் கோடும் அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கும்படி செய்தால் இந்த இடர் பெரும்பாலும் தவிரும். தொலைவில் உள்ள சிறு திருமண்களுக்கு, கலப்பு வர்ணத்தை விட்டு மெஜந்தா ஒன்றையே மிகுத்துக் காட்டலாம்.

தமிழ் எழுத்து

அச்சுக்கு ஆயத்தம் செய்வது பற்றிய ஆங்கில நூல்களைப் படித்துத் தேறியவர்கள்கூட இடறி விழும் இடம் இது. அந்நூல்கள் நம் எழுத்தின் தேவையை அறியமாட்டா.

திருச்சி அச்சகங்களிலும் டி.டி.பி. நிலையங்களிலும் இன்றும் பலர் பாமினி, செந்தமிழ், ஸ்ரீலிபி முதலிய பழைய எழுத்துருக்களிலேயே அடிக்கிறார்கள். 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியீடுகளையும், 2010-இல் யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்தபின்னும், பேஜ்மேக்கர் காலத்துப் பழக்கம் முற்றிலும் விலகவில்லை. இதனால் விளையும் அனர்த்தம் இரண்டு வகை. பழைய குறியீட்டில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துக்களின் குவியல் தோன்றும். இதையாவது எவரும் உடனே கண்டுகொள்வார்கள். யூனிகோடில் அடித்ததை, தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கோக்கத் தெரியாத மென்பொருளில் திறந்தால், எழுத்துக்கு முன்னே நிற்கவேண்டிய கொம்பு பின்னே போய் நிற்கும். ஸ்ரீரங்கத்தின் பெயரிலேயே உள்ள ‘ஸ்ரீ’ இரண்டாகப் பிளந்து ‘ஸ்’ தனியாகவும் ‘ரீ’ தனியாகவும் ஆகிவிடும். அவசரத்தில் பார்ப்பவர் கண்ணுக்கு இது தப்பிவிடும் ஆதலால் இதுவே அதிக அபாயமானது. இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போஸர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் சரியாக அமையும்; போட்டோஷாப்பிலும் அதற்கு நிகரான அமைப்பு இருக்கிறது.

எழுத்துப்பிழை பார்த்து, உரியவர் கையொப்பமிட்டபின், எழுத்துக்களைக் கோட்டுருவமாக மாற்றிவிடுங்கள். தொழிலில் இதைக் ‘கர்வ் பண்ணுவது’ என்பார்கள். கர்வ் ஆன எழுத்து எந்தக் கணினியிலும் மாறாது. ஆனால் திருத்தவும் முடியாது. அதனால் கர்வ் ஆகாத பிரதி ஒன்றைத் தனியே வைத்திருத்தல் இன்றியமையாதது. மெய்ப்புப் பார்க்கும் வேலையைக் கர்வ் ஆனபின் மறுபடியும் ஒரு முறை செய்க. தேதியும் திதியும் நக்ஷத்திரமும் உள்ள காலண்டரில் ஒரு கொம்பு இடம் மாறினாலும் ஆண்டு முழுவதும் அது சுவரில் தொங்கும்.

எழுத்தின் கருமை கருப்பு மை ஒன்றினாலேயே ஆகவேண்டும். ஆர்.ஜி.பி.யில் உள்ள கருப்பு எழுத்தைப் போட்டோஷாப்பின் பழைய அமெரிக்க ஸ்வாப் அமைப்பில் மாற்றினால் அது சியான் 75, மெஜந்தா 68, யெல்லோ 67, கருப்பு 90 என்று நான்கு மைகளாகச் சிதறிவிடும். பிறகு ரெஜிஸ்டர் சிறிது தப்பினாலும் ஒவ்வோர் எழுத்தைச் சுற்றிலும் வர்ண நிழல் கட்டும். கருப்பு 100, மற்றவை பூஜ்யம் என்று மாற்றி, பின்னுள்ள வர்ணத்தின்மேல் அப்படியே ஏறும்படி ஓவர்பிரிண்ட் கொடுப்பதே முறை.

கருநீல வானத்தில் வெள்ளை எழுத்தாகத் திருநாள் பெயர்களைப் பொறிக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆங்கில எழுத்துக்கு 7 பாயிண்டில் பொருந்துவது தமிழுக்குப் பொருந்தாது. நம் மெய்யெழுத்துக்கள் தலையில் புள்ளி தாங்குபவை. ண, ஞ, ஐ போன்றவை சுழிகளாலேயே ஆனவை. மூன்று நான்கு மைகள் சூழ்ந்து பரவும்போது அந்தப் புள்ளிகள் முதலில் அடைபடும், பிறகு சுழிகள். புள்ளி அடைந்தால் ‘பக்தர்’ ‘பகதர’ ஆகிவிடும். தடித்த எழுத்தில் 10 பாயிண்டுக்குக் குறையாமல் வைத்து, எழுத்துருவைத் தேரும்போதே புள்ளி பெரியதாகவும் சுழி விசாலமாகவும் உள்ளதைத் தேர்ந்துகொள்ளுங்கள். அழகுக்காகச் சன்னமாகச் செதுக்கிய எழுத்துருக்கள் தலைப்புக்குப் பொருந்தும். பஞ்சாங்கக் குறிப்புக்கு ஒருபோதும் பொருந்தா.

ஒப்படைத்தலும் ஒத்துப்பார்த்தலும்

அச்சகத்துக்குக் கொடுப்பது பி.டி.எஃப். ஆக இருக்கட்டும். பி.டி.எஃப்./எக்ஸ்-1ஏ என்ற தரத்தில் எல்லாம் சி.எம்.ஒய்.கே.யாகி, ஒளிபுகும் லேயர்களும் ஒன்றாக இணைந்துவிடும். எக்ஸ்-4-இல் அவை அப்படியே நிற்கும். எது வேண்டுமென்று கேட்டுச் செய்க. சிறு அச்சகங்களிற் பல, பிளேட்டை வெளியிலுள்ள சி.டி.பி. கூடத்தில் எடுத்துக்கொள்கின்றன, அப்படியாயின் அந்தக் கூடத்தின் விருப்பத்தையும் கேட்க வேண்டும். கோப்பின் பெயரில் படத்தின் பெயர், அளவு, தேதி மூன்றும் இருப்பது நலம். ‘கடைசி’, ‘கடைசியிலும் கடைசி’ என்று பெயரிட்ட கோப்புகளால் பழைய பிரதி அச்சேறிய துக்கங்கள் தொழிலில் அநேகம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது பிக்ஸல்களைச் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும், அல்லது பென்டிரைவில் நேரிற் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நேரிற் போவதே எனக்கு உகந்தது. கோப்பைத் திறந்து பார்க்கும்போது மெஷின்காரர் கேட்கும் ஒரு கேள்வி, பத்துக் கடிதங்களில் வெளிப்படாத ஒரு பிழையை வெளிப்படுத்திவிடும்.

புரூப் என்பது கணினிப் பிரிண்டரில் எடுத்த ஏதோ ஒரு தாள் அன்று; அச்சுக்கு உரிய புரொஃபைலில் எடுக்கப்பட்டதாகவும், கூடுமானால் அச்சிடும் காகிதத்தை ஒத்ததிலேயே எடுக்கப்பட்டதாகவும் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. அதை மஞ்சள் விளக்கின் கீழும் நீலம் பாய்ந்த டியூப்லைட்டின் கீழும் பார்த்துத் தீர்மானிக்கலாகாது. 5000 கெல்வின் விளக்கு இருந்தால் அதன் கீழும், இல்லையேல் நேர்வெயில் படாத திண்ணையில் நடுப்பகல் வெளிச்சத்திலும் பார்க்க. உங்கள் திரையின் பிரகாசத்தையும் முன்னதாகவே குறைத்து வைத்திருக்க வேண்டும். முழுப் பிரகாசத்தில் வரைந்தவருக்கு எந்தத் தாளும் இருண்டே தோன்றும். முகம், தங்கம், வானம் என்ற கிரமத்தில் பாருங்கள். முகத்தின் வர்ணம் சரியாக இருந்தால் மற்றவற்றில் சிறிது விட்டுக்கொடுக்கலாம். திருத்தம் சொல்லும்போது ‘இன்னும் நன்றாக வரட்டும்’ என்பதில் பயனில்லை; ‘திருமுகத்தில் மெஜந்தா சற்றுக் குறையட்டும்’ என்று மையின் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் மெஷின்காரர் உடனே அறிவார்.

அச்சு ஓடும் அன்று, முதல் தாள்கள் சில ஓடி மையும் நீரும் சமப்பட்டபின், ஒரு தாளை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் மூலைகளிலுள்ள ரெஜிஸ்டர் குறிகளையும், திருமண்ணின் கோட்டையும், வெள்ளை எழுத்தின் புள்ளிகளையும் பார்த்துக் கையொப்பமிடுங்கள். அந்தத் தாளையும், ஒப்புக்கொண்ட புரூபையும், லேயர்களோடு கூடிய மூலக் கோப்பையும், கர்வ் ஆகாத பிரதியையும், அச்சுக்குக் கொடுத்த பி.டி.எஃப்.-ஐயும் ஒரே உறையில் சேர்த்து, காகிதத்தின் பெயர், எடை, அச்சகம், தேதி இவற்றை உறையின்மேல் எழுதி வையுங்கள். மறுபதிப்பு வரும்போது அந்த அச்சிட்ட தாளையும் கோப்போடு சேர்த்தே அனுப்ப வேண்டும். மெஷின்காரர் எண்களைப் பார்ப்பதைக் காட்டிலும் அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மையைக் கூட்டுவார், குறைப்பார்.